திங்கட்கிழமை வட்டத்துக்கு வந்த மன்னார்க் கழுதை

1

மன்னாரில் ஒருவரை வழியில் கண்டால் "சாப்பிட்டாச்சோ?" என்று கேட்போம். இங்கே நோர்வேயில் அந்தக் கேள்வி கிடையாது. வெள்ளிக்கிழமை கண்டால் "சனி ஞாயிறு எங்கே போகிறீர்கள்?" திங்கட்கிழமை கண்டால் "சனி ஞாயிறு எங்கே போனீர்கள்?" நடுவில் வரும் நாட்களில் மழையைப் பற்றிக் கதைப்பார்கள். பத்து வருடத்துக்கு முன் கலியாணம் முடித்து இந்த நகரத்துக்கு வந்த புதிதில், "வீட்டில்தான் இருந்தோம்" என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். செத்த வீட்டுக்கு வந்தவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு என் தோளைத் தடவினார்கள்.

எனக்கு முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை. கணவர் அன்ரன் மீன் தொழிற்சாலையில் மீன் வெட்டுகிறார். மன்னாரின் பேசாலைக் கடலில் மீனைத் தேடிப் போன மனுசன். இங்கே மீன் வரிசையாக வந்து அவருடைய கத்திக்கு முன்னால் நிற்கிறது. ஒரே மகள் ஜெனிற்றா. ஒன்பது வயது. மன்னாரை அவள் இன்னும் கண்ணால் கண்டதில்லை.

வசந்தம் பிறந்ததும் நகரசபை ஒவ்வொரு வீட்டுக் கடிதப்பெட்டியிலும் ஒரு சின்னப் புத்தகம் போடும். குடும்பத்தோடு போய்ப் பார்க்கவேண்டிய இடங்கள். மீன் காட்சிச்சாலை, பிள்ளைகள் மிருகங்களைத் தடவிப் பார்க்கும் பண்ணை, விஞ்ஞான வீடு, மலை உச்சிக்குக் கம்பியில் ஏறும் வண்டி, பெட்டி செய்யும் பழைய தொழிற்சாலை. இப்போது அங்கே பெட்டி செய்வதில்லை, பெட்டி செய்த இடத்தைப் பார்க்கிறார்கள். பெரியவர்களுக்கும் ஏற்றது, சிறியவர்களுக்கும் ஏற்றது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சிரிக்கும் முகம். எங்கள் வீட்டில் "சுத்தித் திரியிறது" என்பது அடி வாங்கும் குற்றம். இங்கே அதற்கு நகரசபை புத்தகம் அடித்துத் தருகிறது.

நம்முடைய ஆட்களுக்குப் புத்தகம் தேவையில்லை. எங்களுக்குப் போக ஒரே இடம்தான்: மண்டபம். இந்தச் சனி பெரியபிள்ளையான ஒருத்தியின் சாமத்தியச் சடங்கு, அடுத்த சனி இன்னொருவரின் ஐம்பதாவது பிறந்தநாள். அதே கதிரை, அதே மட்டன் ரோல்ஸ், அதே வீடியோக்காரர். சீலை மட்டும் வேறு. வேறாக இல்லாவிட்டால் சனம் கவனித்துவிடும். ஞாயிறு மாதா கோயிலில் பூசை. பூசை முடிந்து கோயிலின் நிலவறையில் கோப்பி. அதோடு எங்கள் உல்லாசப் பயணம் நிறைவேறிவிடும்.

ஜெனிற்றாவின் வகுப்பில் திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் வட்டமாக இருந்து, சனி ஞாயிறு எங்கே போனோம் என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். ஒருத்தி மலை ஏறியிருப்பாள். ஒருவன் பனியில் சறுக்கியிருப்பான். என் பிள்ளை "மண்டபம், கோயில்" என்று எத்தனை திங்கட்கிழமை சொல்லுவாள்? அதை நான் யோசிக்கவில்லை. ஒருமுறை வந்து சந்திக்கவும் என்று பாடசாலையிலிருந்து செய்தி வந்த பிறகுதான் யோசித்தேன்.

2

வகுப்பு ஆசிரியை இங்ரிட் நல்ல மனுசி. கோப்பி ஊற்றித் தந்தார். என்னையும் ஜெனிற்றாவையும் மேசைக்கு இந்தப் பக்கம் இருத்தினார். தான் அந்தப் பக்கம் இருந்தார். பிறகு ஒரு கொப்பியைத் திறந்து, பேனையை எடுத்தார்.

அந்தப் பேனையைக் கண்டதுதான் வினை.

"ஜெனிற்றாவுக்கு நல்ல கற்பனை வளம்" என்று தொடங்கினார். "திங்கட்கிழமைகளில் அழகான கதைகள் சொல்லுகிறாள். ஆனால் போன சனிக்கிழமை நடந்தது என்று சொல்லுகிறாள். அதுதான் கேட்கலாம் என்று நினைத்தேன்."

கொப்பியைப் பார்த்து வாசித்தார்.

"உங்கள் ஊரில் கழுதைகள் கட்டாமல், தாங்களாகத் தெருவில் நடந்து கடைக்குள் தலையை நீட்டுமாம். அப்படி உண்டா?"

"இல்லை" என்றேன்.

"வகுப்பில் பாதிப் பிள்ளைகள் கைகோர்த்தாலும் சுற்ற முடியாத பருத்த மரம் ஒன்று இருக்கிறதாம். உண்டா?"

"இல்லை."

"ஊர்ச் சனம் முழுக்கப் பானை சட்டியோடு காட்டுக்குப் போய், பிள்ளைகளை மரத்துக்குக் கீழே நிலத்தில் படுக்கவைத்து, நாட்கணக்காக அங்கேயே இருப்பார்களாம்."

"இல்லை, இல்லை. அப்படி ஒன்றும் இல்லை."

பக்கத்தில் இருந்த ஜெனிற்றா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

இதை வாசிக்கிற மன்னார் ஆட்கள் இப்போது என்னைத் திட்டிப் பேசுவீர்கள் என்று தெரியும். பேசுங்கோ. பள்ளிமுனைப் பெருக்கமரத்தை இல்லை என்றேன். பஸ் நிலையத்தில் எங்களுக்கு முதலே வந்து நிற்கும் கழுதையை இல்லை என்றேன். மடுமாதா கோயில் இருக்கிற காட்டையே இல்லை என்றேன். யேசுவின் சீடர் இராயப்பர், சேவல் கூவுமுன் குளிரில் நெருப்புக் காய்ந்துகொண்டு மூன்று தரம் ஆண்டவரை மறுதலித்தார். நான் சூடாக்கிய அறையில் கோப்பி குடித்துக்கொண்டு மறுதலித்தேன். சேவல் கூவவில்லை. பாடசாலை மணி அடித்தது.

ஏன் அப்படிச் சொன்னேன்? மேசைக்கு அங்கால் ஒருவர் பேனையோடு இருந்து கேள்வி கேட்டால், எங்கள் ஆட்களின் நாக்கு மூளையிடம் அனுமதி கேட்பதில்லை. சின்ன வயதில் பாலத்தடி ஆமிச் சோதனைச்சாவடியில் பழகிய பழக்கம். இவரைத் தெரியுமா? இல்லை. அங்கே போனாயா? இல்லை. பையில் என்ன? ஒன்றும் இல்லை. பைக்குள் இருக்கிற கருவாடு அரைக் கட்டை தூரத்துக்கு மணக்கும், ஆனாலும் இல்லை. பிறகு கலியாணம் முடித்து, கணவரோடு சேர்வதற்குக் கொழும்பில் நடந்த விசா நேர்முகத்திலும் கேள்வி முடியுமுன்னே இல்லை என்று சொல்லி, "உங்களுக்குக் கணவர் இருக்கிறாரா?" என்பதற்கும் இல்லை என்று சொல்லப் பார்த்து, கடைசி நேரத்தில் தப்பினேன்.

இன்னொன்றும் இருந்தது. காட்டில் பிள்ளையை நிலத்தில் படுக்கவைத்தோம் என்றால் எழுதி எங்கேயாவது அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த இங்ரிட் தன் மூன்று பிள்ளைகளோடு ஒவ்வொரு கோடையிலும் காட்டில் கூடாரம் அடித்து நிலத்தில்தான் படுக்கிறவராம். அதற்கென்று கடையில் விலை கூடிய பாய் வாங்கியிருக்கிறாராம்.

3

வீட்டுக்குப் போகிற வழியில், பஸ்ஸில் ஏறி இருந்த பிறகு பிள்ளை கேட்டாள்:

"அம்மா, மன்னார் எண்டு ஒரு இடம் மெய்யா இருக்கோ?"

"என்ன கேள்வி பிள்ளை? இருக்கு."

"அங்க கழுதை இருக்கோ?"

"ஓம்."

"அப்ப ஏன் டீச்சரிட்ட இல்லையெண்டு சொன்னனீங்கள்?"

"அது கந்தோர்க் கதை பிள்ளை. கந்தோரில, அரசாங்க ஆக்களோட அப்பிடித்தான் கதைக்கிறது."

"அப்ப எனக்குச் சொன்னது வீட்டுக் கதையோ?"

இந்தக் கதைகளெல்லாம் அவளுக்குச் சோறு தீத்துவதற்காக நான் சொன்னவை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கழுதையில் ஒரு பாசமும் இருந்ததில்லை. என்னுடைய கட்டுரைக் கொப்பியைத் தின்ற கழுதை ஒன்று உண்டு. அதற்காக அடி வாங்கியது நான். பெருக்கமரத்தடியில் வெள்ளைக்காரர் நின்று படம் எடுத்தால், இந்த மரத்தில் என்ன இருக்கிறது என்று சிரிப்போம். மடுவுக்குப் போனது மட்டும் வேறு. சண்டை நின்று, சமாதானம் என்று சொன்ன அந்த இரண்டு மூன்று வருடத்தில், ட்ராக்டர் பெட்டியில் பானை, அரிசி மூட்டை, பாய், நாங்கள் எல்லோரும் ஒன்றாகக் குலுங்கிக்கொண்டு போனோம். ஆவணித் திருவிழாவுக்குக் காடு முழுக்க அடுப்புப் புகை. செபமாலை சொல்லிக்கொண்டே சோறு வடிப்பார்கள். ஆனால் அதை ஒருவரும் சுற்றுலா என்று சொல்லவில்லை. நேர்த்திக்கடன் என்றோம்.

இப்படி மெய்யாகவே இருந்ததைத்தான் பிள்ளைக்குச் சொன்னேன். பிள்ளை அதில் "போன சனிக்கிழமை" என்பதை மட்டும் தன்பாட்டில் சேர்த்துக்கொண்டாள். மண்டபத்தைச் சொல்ல வெட்கப்பட்டு மன்னாரைச் சொன்னாள். நான் மன்னாரைச் சொல்ல வெட்கப்பட்டு ஒன்றுமே இல்லை என்றேன்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கதை வேண்டாம் என்றுவிட்டாள். "பொய்க் கதை கேட்டா பாவசங்கீர்த்தனத்தில சொல்லோணும்" என்றாள். முதல் நன்மை, அதாவது நற்கருணை, எடுக்கப்போகிற பிள்ளை. அதற்கு முன் இன்னும் நான்கு கிழமையில், சுவாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் முதல் பாவசங்கீர்த்தனம் அவளுக்கு.

அன்ரனுக்குச் சொன்னேன். மனுசன் சாப்பாட்டில் வைத்த கையை எடுத்தார்.

"நீர் என்னத்துக்குப் பயந்தனீர்? அவ டீச்சர். ஆமிக்காரி இல்லை."

"எனக்குப் பேனையைக் கண்டவுடனே..."

"சரி விடும். பிள்ளைக்கு வட்டத்தில சொல்ல உண்மையா ஒரு இடம் வேணும். அவ்வளவுதானே? போவம்."

அடுத்த நாளே வருடம் முழுக்கப் போய்வரும் குடும்பச் சீட்டுக்கு விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் குடும்பம் என்றால் பெரியவர் இரண்டு, பிள்ளை இரண்டு. எங்களுக்கு ஒன்றுதான் என்று அன்ரன் கந்தோரில் போய் விளங்கப்படுத்தினார். கணினியில் அப்படி ஒரு குடும்பம் இல்லை என்றார்களாம். ஆகையால் எங்கள் சீட்டில் இன்றைக்கும் பிறக்காத பிள்ளை ஒன்று இருக்கிறது. அது ஒரு இடமும் பார்க்கவில்லை.

4

முதல் சனி மீன் காட்சிச்சாலை. நாங்கள் வெளிக்கிட்டால் எப்படி வெளிக்கிடுவோம் என்று உங்களுக்குத் தெரியும். விடிய எழும்பிப் புட்டு அவித்து, மீன் குழம்பு வைத்து, படியில் நின்று ஒரு அருள்நிறை மந்திரம் சொல்லி, வாசலில் தீர்த்தம் தெளித்து, அதற்குப் பிறகுதான் பஸ். மற்றக் குடும்பங்கள் ஒரு தோடம்பழமும் இரண்டு துண்டு பாணும் கொண்டு வந்திருந்தன.

உள்ளே பெரிய கண்ணாடிக்குப் பின்னால் பெரிய மீன்கள். அன்ரன் நீண்ட நேரம் ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார். ரசிக்கிறார் என்று நினைத்தேன்.

"இவர் எங்கட தொழிற்சாலைக்கு வாறவர்தான்" என்றார். "கிழமை முழுக்க வெட்டுறன். சனிக்கிழமையும் சீட்டு வாங்கி இவரைப் பாக்கோணுமோ?"

பசி வந்ததும் அந்தக் கண்ணாடிக்கு முன் இருந்த வாங்கில் உட்கார்ந்து புட்டுப் பெட்டியைத் திறந்தேன். குழம்பு மணம் போனது. காவலாளி வந்து, சொந்தச் சாப்பாட்டுக்குக் கீழே ஓர் அறை இருக்கிறது என்று மரியாதையாகச் சொன்னார். மீன்களுக்கு முன்னால் மீன் சாப்பிட்டதால் பிள்ளைகள் சிலர் அழுகிறார்களாம். ஜெனிற்றா எங்களைத் தெரியாதவள் போல அடுத்த தொட்டிக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் சனி விஞ்ஞான வீடு. அங்கே ஒரு கப்பி, கயிறு, வாளி. கப்பியில் இழுத்தால் பாரம் குறையும் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கவேண்டும். வரிசையில் நின்று ஒவ்வொருவரும் ஒரு வாளி இழுத்தார்கள், தாய்மார் கைதட்டினார்கள். நான் அந்தக் கண்டுபிடிப்பை எங்கள் கிணற்றடியில் பள்ளிக்கூடம் போகுமுன் நாளுக்கு இருபது தரம் செய்தவள். கை தட்டினது ஒருவருமில்லை. தண்ணீரைச் சிந்திவிட்டேன் என்று பேச்சு விழுந்தது.

மூன்றாம் சனி பண்ணை. ஆடு, கோழி, முயல் எல்லாவற்றையும் தாண்டிப் பெரிய வரிசை ஒன்று நின்றது. வரிசையின் கடைசியில் கழுதை.

அதற்கு மழைச்சட்டை போட்டிருந்தார்கள். கழுத்தில் பெயர்ப்பலகை. பிறந்த நாள், விருப்பமான உணவு, விரும்பாத சத்தம் எல்லாம் எழுதி மாட்டியிருந்தது. ஒருவர் மூன்று நிமிடத்துக்கு மேல் தடவக்கூடாது, கழுதைக்குக் களைப்பாகும். கவனிக்கிற பெண் சிரித்துக்கொண்டு, இவருக்குக் கடவுச்சீட்டும் இருக்கிறது என்றாள். சட்டமாம்.

அன்ரனின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. "எத்தனை வருசம் அகதி முகாமில இருந்ததுக்குப் பிறகு குடுத்தவையாம்? கேளும்" என்றார்.

நான் கேட்கவில்லை. ஜெனிற்றாவின் முறை வந்துவிட்டது. அவள் மெதுவாக அதன் நெற்றியைத் தடவினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, குத்திக் காட்டவேண்டும் என்ற எண்ணமே இல்லாமல், சந்தோசமாகச் சொன்னாள்:

"அம்மா, இதுதான் உண்மையான கழுதை, என்ன?"

வீட்டுக்கு வந்து அவளுடைய பையிலிருந்து ஈரச் சட்டையை எடுக்கும்போது மறைக்கல்விக் கடதாசி ஒன்று வந்தது. பாவசங்கீர்த்தனத்துக்குப் பிள்ளைகள் தங்கள் பாவங்களை எழுதிக்கொண்டு வரவேண்டும். முறைப்படி நான் வாசித்திருக்கக்கூடாது. வாசித்தேன். முதலாவது, அம்மாவோடு எதிர்த்துக் கதைத்தேன். இரண்டாவது, செபமாலையில் நித்திரை கொண்டேன். மூன்றாவது, மன்னாரைப் பற்றிப் பொய் சொன்னேன்.

கடதாசியோடு கட்டிலில் இருந்துவிட்டேன். என்னுடைய பொய்யை என்னுடைய பிள்ளை முழந்தாளில் நின்று தன்னுடையது என்று ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கப் போகிறாள். சுவாமியார் மன்னித்தும் விடுவார். மன்னித்த பிறகு அவளுக்கு மன்னார் என்று ஓர் இடம் இருக்காது. மன்னிக்கப்பட்ட பொய் ஒன்றுதான் இருக்கும். இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது.

5

மன்னாருக்குக் கிட்ட நானாட்டானில் கலியாணம் முடித்திருக்கிற என் தங்கை றெஜினாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"பிள்ளை, மன்னார் ரவுணுக்குப் போனா ஒரு கழுதையை வீடியோ எடுத்து அனுப்பு."

"என்னக்கா, நோர்வேயில கழுதை முடிஞ்சு போச்சோ? அத்தான் நிக்கிறார்தானே?"

"பகிடியை விடடி. அவசரம்."

"இஞ்ச சனம் கழுதையைக் கலைக்க வழி தேடுது. நீ படம் கேக்கிறாய். சரி, அனுப்புறன்."

முதலில் வந்த வீடியோவில் புதுச் சட்டையோடு றெஜினா மட்டும் இருந்தாள். ஏசினேன். இரண்டாவதில் கழுதை வந்தது. ஒரு கடையின் வாசலில் அரைவாசி உடம்பு வெளியே, அரைவாசி உள்ளே. கடைக்காரர் விளக்குமாற்றால் தட்டுகிறார். அது கடதாசிப் பெட்டியை மென்றுகொண்டு, கடன் கேட்க வந்த சொந்தக்காரன் போல அசையாமல் நிற்கிறது. பின்னால் றெஜினாவின் குரல்: "அக்கா, இது காணுமோ, இன்னும் வேணுமோ?"

திங்கட்கிழமை வேலைக்குப் பிந்திப் போவேன் என்று சொல்லிவிட்டு, துப்புரவுச் சீருடையோடேயே வகுப்புக்குப் போனேன். ஐந்து நிமிடம் தரவேண்டும் என்று இங்ரிட்டைக் கேட்டேன். வட்டத்தில் ஒரு சின்னக் கதிரை தந்தார். என்னுடைய நோர்வேஜிய மொழி "தரை ஈரம், கவனம்" என்கிற அளவில்தான் ஓடும். அதனால் ஜெனிற்றாவைப் பக்கத்தில் இருத்தி, நான் தமிழில் சொல்ல அவளை மொழிபெயர்க்கச் சொன்னேன்.

"டீச்சர் என்னட்ட மூண்டு கேள்வி கேட்டவ. மூண்டுக்கும் நான் இல்லையெண்டு சொன்னனான். மூண்டுக்கும் ஓம் எண்டதுதான் உண்மை. பொய் சொன்னது நான். ஜெனிற்றா இல்லை."

பிள்ளை என்னையே பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்:

"அப்பிடியே சொல்லட்டோ அம்மா?"

"அப்பிடியே சொல்லு."

சொன்னாள். முதலில் சின்னக் குரலில். பிறகு நான் கழுதையைச் சொல்ல, அவள் கழுதையைச் சொன்னாள். மரத்தைச் சொல்ல, எழும்பி நின்று கையை விரித்துக் காட்டினாள். காட்டைச் சொன்னபோது நான் சொல்லி முடிக்குமுன்னே அவள் ட்ராக்டரில் ஏறிவிட்டாள். அரிசி மூட்டைக்கு மேல் இருந்ததையும், புகையில் கண் எரிந்ததையும் நான் இல்லாமலே சொன்னாள். வீடியோவை வட்டம் முழுக்கப் பார்த்தது. ஐந்து தரம் பார்த்தது. கடைக்காரரின் விளக்குமாறு வரும் ஒவ்வொரு தரமும் பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

இங்ரிட் சிரிக்கவில்லை. "அன்று ஏன் இல்லை என்று சொன்னீர்கள்?" என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். இதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. எனக்குத் தெரிந்த நோர்வேஜியத்தில் நானே சொன்னேன்: "நீங்கள் பேனை வைத்திருந்தீர்கள்."

அவர் தன் கையைக் குனிந்து பார்த்தார். இப்போதும் இருந்தது. மேசைக்குப் போய் அதை வைத்துவிட்டு வந்து வட்டத்தில் இருந்தார்.

பிறகு பிள்ளைகளின் கேள்விகள். கழுதைக்கு மழைச்சட்டை இல்லையா? அந்த மரத்தைப் பார்க்க எப்போது திறப்பார்கள்? முன்வரிசைப் பற்கள் இல்லாத பையன் ஒருவன், காட்டுக்குள் போக டிக்கெட் எவ்வளவு என்று கேட்டான். ஜெனிற்றா என்னைக் கேட்கவில்லை. அவளே பதில் சொன்னாள். என்ன சொன்னாய் என்று பிறகு கேட்டதற்குத் தமிழில் சொன்னாள்:

"டிக்கெட் இல்லை. ஆனா பானை நீங்கதான் கொண்டுபோகோணும் எண்டனான்."

அன்றிரவு சோற்றுக்கு முன்னால் வந்து இருந்து, அந்தக் கொப்பி தின்ற கழுதையின் கதையைத் திரும்பக் கேட்டாள். இந்த முறை நான் அடி வாங்கியதையும் சேர்த்துச் சொன்னேன். அதுவரைக்கும் அதை விட்டுவிட்டுத்தான் சொல்லி வந்திருக்கிறேன்.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையில் நின்றார்கள். தாய்தகப்பன்மாருக்கும் அன்றுதான். ஜெனிற்றா தன் கடதாசியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்க்கக்கூடாது என்று தெரியும், எட்டிப் பார்த்தேன். அதையும் என் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கோ. மூன்றாவது வரியை வெட்டியிருந்தாள். அதற்கு மேல் சின்ன எழுத்தில் வேறொன்று எழுதியிருந்தாள்: "போன சனிக்கிழமை என்று சொன்னேன்."

நான் பார்த்ததைக் கண்டுவிட்டாள். கடதாசியை மடித்துக்கொண்டு, சுவாமியாருக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"நாள் மட்டுந்தானே அம்மா பொய்."

அவள் இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டாள். பிறகு நான் உள்ளே போனேன். எனக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.